வாங்கப் போகிறவனுக்கு ஒரு மாடிப்படி

போன மாதம் எங்கள் வீட்டை விற்றுவிட்டோம். நியூ ஜெர்ஸியில் 2006-ல் வாங்கிய வீடு. பெரியவள் வேலைக்குப் போய்விட்டாள், சின்னவன் கல்லூரிக்கு. நாலு படுக்கையறை வீட்டில் நானும் தங்கமணியும் ஒருவரை ஒருவர் தேடிக்கொண்டு அலைவதைவிடச் சின்னதாக ஒன்று போதும் என்று முடிவு செய்து நாளாகிவிட்டது.

விற்ற கதையைச் சொல்லப் போவதில்லை. விற்பதற்கு முன்னால் இரண்டு மாதம் எங்கள் வீட்டில் நடந்த மரத்தரைப் பஞ்சாயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏனென்றால் என் வயசுக்காரர்கள் நிறையப் பேர் இப்போது அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறார்கள். வாரம் ஒருவராவது போன் பண்ணி, "நீங்க ஹார்ட்வுட் போட்டீங்களா, படி மேட்ச் ஆச்சா?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு மணி நேரம் பேசுவதற்குப் பதில் இங்கே எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீட்டுக் கணக்கு இது. கீழ்த்தளத்தில் முக்கால் அங்குல ரெட் ஓக் மரத்தரை, வீடு கட்டியபோதே போட்டது. மாடிப்படியிலும் மாடி முழுக்கவும் கார்ப்பெட். ஒரு காலத்தில் சந்தன நிறம். மஞ்சள், குங்குமம், மைலோ எல்லாம் பார்த்து அதன் நிறத்துக்கு இப்போது பெயர் கிடையாது. ஏஜென்ட் அம்மணி வந்தார், சுற்றிப் பார்த்தார். "மாடி முழுக்க மரத்தரை, படியும் அதே மரம், கீழ்த்தளத்தோடு அச்சாக ஒத்துப் போக வேண்டும். போட்டோவில் ஒரே ஓட்டமாகத் தெரிந்தால்தான் ஆள் வருவார்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். கான்ட்ராக்டர் கொடுத்த மதிப்பீடு 19,000 டாலர். தங்கமணி முகத்தில் ஒரு வெளிச்சம். அவள் பதினைந்து வருஷமாகக் கேட்டது அதைத்தான்.

என் முகத்தில் வெளிச்சம் வரவில்லை. அதற்குக் காரணம் 19,000 மட்டும் இல்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஊர்க்கதை கொஞ்சம். கொசுவத்தி சுற்றுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஊர் கார்வேட்டிநகரம். சித்தூர் மாவட்டம். "ஆந்திராவா, அப்ப தமிழ் எப்படி?" என்று கேட்பவர்களுக்கு வழக்கமான பதில்: எங்கள் பக்கம் முழுக்க ஒரே ஜமீனாகக் கிடந்த பூமி. 1960 ஏப்ரல் 1-ம் தேதி திருத்தணி பிரிந்து அன்றைய மெட்ராஸ் மாநிலத்துக்குப் போனது. நாங்கள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டோம். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கு. கோட்டைத் தாண்டினால் இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள்.

தாத்தா வீடு வேணுகோபால சுவாமி கோயிலிலிருந்து கூப்பிடு தூரம். தரை முழுக்கக் கடப்பாக்கல். கறுப்பாக, வெயில் காலத்தில் படுத்தால் முதுகு குளிரும். வாசக்கால் தேக்கு, உள்கதவெல்லாம் வேம்பு, தூலம் பனை. மச்சுக்குப் போகிற படி எந்த மரம் என்று தாத்தாவுக்கே தெரியாது, இன்னொரு வீட்டை இடித்தபோது வாங்கிக்கொண்டு வந்தது. ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகவில்லையே என்று அந்த வீட்டில் யாரும் கவலைப்பட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. மரம் உளுக்காமல் இருக்கிறதா, படி ஆடாமல் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பார்கள்.

அந்த மச்சுப் படி ஏணி மாதிரி செங்குத்து. பாட்டிக்கு முட்டி வலி வந்த வருஷம், "பிடிச்சிக்க ஒண்ணும் இல்லையே" என்று ஒரு நாள் காலையில் சொன்னாள். அன்று சாயங்காலமே தாத்தா தாம்புக்கயிறு ஒன்றை நாலு முடிச்சுப் போட்டு மேலே தூலத்திலிருந்து படியோரமாகத் தொங்கவிட்டார். பாட்டி முடிச்சு முடிச்சாகப் பிடித்து ஏறுவாள். நாங்கள் பிள்ளைகள் அதில் தொங்கி ஊஞ்சலாடி அடி வாங்கியிருக்கிறோம். அந்தக் கயிற்றை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, நியூ ஜெர்ஸிக்கு வருவோம்.

முதல் கேள்வி: விற்பதற்கு முன்னால் மரத்தரை போட்டால் போட்ட பணம் திரும்புமா?

அமெரிக்க ரியல் எஸ்டேட் ஏஜென்ட்டுகளின் சங்கமான நேஷனல் அசோசியேஷன் ஆஃப் ரியல்டர்ஸ் 2022-ல் ஒரு அறிக்கை போட்டது. அதன்படி, இருக்கிற மரத்தரையைத் தேய்த்துப் புதுப்பித்தால் செலவில் 147 சதவீதம் திரும்பும். புதிதாக மரத்தரை போட்டால் 118 சதவீதம். ஏஜென்ட் அம்மணி என்னிடம் காட்டியது இரண்டாவது எண்ணை மட்டும்தான். இரண்டும் நூறுக்கு மேலே இருக்கிறதே, பிறகென்ன என்று கேட்கலாம். இவை நாடு முழுவதுக்குமான மதிப்பீடுகள், உங்கள் தெருவுக்கு எழுதிக் கொடுத்த உத்தரவாதம் இல்லை. அதோடு, வேலை சரியாக முடிந்தால்தான் இந்தக் கணக்கு. நிறம் ஒட்டாமல், படி ஏறுமாறாகி, மூன்று வாரம் தள்ளிப்போனால் வருகிற நஷ்டம் எந்த அறிக்கையிலும் இல்லை.

ஆனால் அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. கார்ப்பெட்டுக்கு அடியிலோ கீழ்த்தளத்திலோ ஏற்கனவே மரம் இருந்தால், அதைத் தேய்ப்பதுதான் முதல் வேலை. புது மரம் அதற்கு அப்புறம்தான். கார்ப்பெட்டின் ஒரு மூலையை இழுத்துப் பாருங்கள். பழைய வீடுகளில் அடியில் நல்ல ஓக் தரை தூங்கிக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டு மாடியில் அந்த அதிர்ஷ்டம் இல்லை, அடியில் வெறும் பிளைவுட்தான்.

நம்மவர்களுக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. நாம் செருப்பை வாசலில் விடுகிற ஜாதி. அமெரிக்க வீடுகளில் மரத்தரையைத் தின்பது ஷூவில் ஒட்டி வரும் மணல்தான். நம் வீடுகளில் நடுக்கூடம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சமையலறை ஓரத்தில் கிரைண்டரை இழுத்த கோடு, சாமி அலமாரிக்கு முன்னால் எண்ணெய்க் கறை, குக்கர் விழுந்த பள்ளம், அவ்வளவுதான். மேற்பூச்சு மட்டும் மங்கியிருந்தால் முழுக்க இழைக்கவே வேண்டாம். லேசாகச் சுரண்டி இன்னொரு கோட்டு பாலியூரித்தேன் அடித்தால் போதும், செலவு கணிசமாகக் குறையும். இதைக் கான்ட்ராக்டர் தானாகச் சொல்ல மாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

இடையில் ஒரு சின்னத் தகவல். மரத்தின் கடினத்தை அளக்க ஜாங்கா என்று ஒரு சோதனை. அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவான இரும்புக் குண்டை மரத்தில் பாதி புதையும் வரை அழுத்த எவ்வளவு விசை வேண்டும் என்று பார்ப்பார்கள். ரெட் ஓக் 1290. வெள்ளை ஓக் 1360. ஹிக்கரி 1820. நாம் தலையில் வைத்துக் கொண்டாடும் தேக்கு ஏறக்குறைய ஆயிரம்தான். இதைத் தங்கமணியிடம் சொன்னபோது அவள் நம்பவே இல்லை. தேக்கின் பெருமை கடினத்தில் இல்லை, செல்லும் கறையானும் மழையும் அதை எளிதில் தொடாது என்பதில் இருக்கிறது. வீட்டுக்குள் போடும் தரைக்கு ரெட் ஓக் ஒன்றும் மட்டம் இல்லை.

இரண்டாவது கேள்வி: படியும் தரையும் அச்சாக ஒத்துப் போக வேண்டுமா?

என் கருத்து: வேண்டாம். ஒத்துப் போக வைக்கப் பார்த்து ஒட்டாமல் போவதுதான் எல்லாவற்றையும்விட அசிங்கம். முதல் முயற்சியிலேயே நாங்கள் அதில் மாட்டினோம். கடையில் மெருகேற்றி வந்த ரெட் ஓக் படிப்பலகை ஒன்றை மாதிரிக்கு வாங்கி வந்து கீழ்த்தளத்தில் வைத்துப் பார்த்தோம். இரண்டும் ரெட் ஓக்தான். ஆனால் ஒன்று தேன், ஒன்று தயிர். காரணம் எளிது. எண்ணெய் சேர்ந்த பழைய பாலியூரித்தேன் வருஷம் போகப் போக மஞ்சளேறும். தண்ணீர் சேர்ந்த புதிய வகை அப்படியே வெளிறி நிற்கும். மரமும் வெளிச்சம் பட்டு நிறம் மாறியிருக்கும். இருபது வருஷ வெயிலை டப்பாவில் வாங்க முடியாது.

உண்மையிலேயே ஒத்துப் போக வேண்டுமென்றால் ஒரே வழிதான். பழையது, புதியது இரண்டையும் பச்சை மரம் தெரியும் வரை தேய்த்து, ஒரே ஸ்டெயின், ஒரே பூச்சு, ஒரே ஆள், ஒரே வாரத்தில் அடிக்க வேண்டும். அப்போதும் ரெட் ஓக்குக்கு ரெட் ஓக்தான் சேரும். ரெட் ஓக்கில் ஒரு ரோஜாச் சாயல் இருக்கிறது. மேலே சாம்பல் நிறம் அடித்தாலும் அது எட்டிப் பார்க்கும். வெள்ளை ஓக்கின் மேல் அதே சாம்பலை அடித்தால் வேறு நிறம் வரும். அதனால் கடையில் இருக்கும் சின்னத் துண்டைப் பார்த்து ஸ்டெயின் முடிவு பண்ணாதீர்கள். உங்கள் தரையிலேயே மூன்று இடத்தில் தடவச் சொல்லுங்கள். காலையில் பாருங்கள், விளக்கு போட்டபின் பாருங்கள்.

இவ்வளவு மெனக்கெட முடியாதென்றால், வேண்டுமென்றே வேறு நிறம் வையுங்கள். படிப்பலகை கொஞ்சம் கறுப்பாக, நிற்கும் பலகை வெள்ளைப் பெயிண்டாக இருந்தால் அதைத் திட்டம் போட்டுச் செய்தது என்று எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். சட்டையும் பேன்ட்டும் வேறு வேறு நிறமாக இருந்தால் யாரும் குறை சொல்வதில்லை. ஒரே நிறத்தில் தைக்கப் பார்த்து ஒரு சாயல் விலகினால்தான் ஊரே சொல்லும் :-)

மூன்றாவது விஷயத்தை யாரும் பேசுவதில்லை. இந்தப் பதிவையே அதற்காகத்தான் எழுதுகிறேன். படிக்கு நிறம் முக்கியமில்லை, உயரம்தான் முக்கியம்.

மதிப்பீடு கொடுத்த கான்ட்ராக்டர் திட்டம் இதுதான்: இருக்கிற பைன் படிகளின் மேலேயே முக்கால் அங்குல ஓக் பலகையை ஒட்டிவிடுவது, மாடியிலும் முக்கால் அங்குலம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. தங்கமணியின் தோழி ஒருத்தி வழியாக வந்த வயதான போலந்துக்காரத் தச்சர்தான் அதைக் கெடுத்தார். அவர் வந்ததும் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. டேப்பை எடுத்து ஒவ்வொரு படியாகக் குனிந்து அளந்து சுவரில் பென்சிலால் எழுதினார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் கணக்கைக் காட்டினார்.

படிகள் எல்லாம் முக்கால் அங்குலம் உயர்கின்றன, மாடித் தரையும் உயர்கிறது. ஆனால் கீழ்த்தளம் உயரவில்லை. ஆக எல்லாப் படிகளும் பழைய உயரத்திலேயே இருக்க, முதல் படி மட்டும் முக்கால் அங்குலம் கூடிவிடும். ஏறும்போது கால் தட்டும், இறங்கும்போது கடைசி அடி பள்ளத்தில் விழுந்தது போல் இருக்கும். சரி, பழைய படியைக் கழற்றி அதே தடிமனில் புதிது போட்டால்? அப்போது கோளாறு மேலே போகும், கடைசிப் படி மட்டும் முக்கால் அங்குலம் கூடும்.

நம் கால் படியைப் பார்த்து ஏறுவதில்லை. முதல் இரண்டு படியில் உயரத்தை மனப்பாடம் செய்துகொண்டு மீதியைக் கண்ணை மூடிக்கொண்டு ஏறுகிறது. அதனால்தான் இங்கே பெரும்பாலான மாநிலங்கள் அடிப்படையாக வைத்துக்கொள்ளும் இன்டர்நேஷனல் ரெசிடென்ஷியல் கோட் என்ற கட்டட விதிநூல், ஒரே மாடிப்படியில் மிக உயரமான படிக்கும் மிகத் தாழ்ந்த படிக்கும் உள்ள வித்தியாசம் எட்டில் மூன்று பங்கு அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. நம் சுண்டு விரல் அகலம்கூட இல்லை. முக்கால் அங்குலம் அதைப்போல இரண்டு மடங்கு. மற்ற அளவுகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், உங்கள் டவுன்ஷிப்பில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தச்சர் சொன்ன வழி: மாடி நடையில் அரை அங்குலப் பலகை. அதாவது மேலே அசல் ஓக், அடியில் ஒட்டுப்பலகை அடுக்கிய எஞ்சினியர்டு வகை. படிகளைக் கழற்றிவிட்டு, பழையதைவிடக் கால் அங்குலம் மட்டும் தடிமன் கூடிய ரெட் ஓக் பலகைகள். அப்போது முதல் படியில் கால் அங்குலம், கடைசிப் படியில் கால் அங்குலம். வித்தியாசத்தை இரண்டு முனைக்கும் பங்கு போட்டுக் கொடுத்தாயிற்று. எங்கள் ஊர்ப் பங்காளிச் சண்டைகளை இந்த மனிதரிடம் விட்டிருந்தால் பாதி கோர்ட்டுக்கே போயிருக்காது.

கடைசியில் நாங்கள் செய்தது: கீழ்த்தளத்தைத் தேய்த்துப் புதுப்பித்தோம். படிக்கும் மாடி நடைக்கும் மரம். படுக்கையறைகளுக்குச் சுமாரான விலையில் புதுக் கார்ப்பெட். நிற்கும் பலகைக்கு வெள்ளைப் பெயிண்ட். மொத்தம் 7,800 டாலர். ஏஜென்ட் அம்மணி முதலில் உதட்டைச் சுழித்தார். போட்டோ எடுத்தபின் ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள் என்று சொல்வேன். இந்த மரம் எந்த ஊர்?

கடைக்காரர் எங்களிடம் முதலில் காட்டியது சிவப்பாக மின்னிய ஒரு பலகை, பெயர் பிரேசிலியன் செர்ரி. அது செர்ரியே இல்லை, ஜட்டோபா என்கிற வேறு மரம். அந்தச் சிவப்பைப் பார்த்ததும் எனக்கு ஊர் மலை ஞாபகம் வந்தது. செம்மரம் இயற்கையாக விளைவது உலகத்திலேயே எங்கள் சித்தூர், கடப்பா பக்கத்து மலைகளிலும் அவற்றை ஒட்டிய சில காடுகளிலும்தான். சின்ன வயதில் எங்களுக்கு அது மரப்பாச்சி மரம். திருப்பதிக்குப் போய் வந்தால் பெண் பிள்ளைக்கு ஒரு ஜோடி மரப்பாச்சி வரும். அம்மா கட்டிக்கொண்டு வந்த ஜோடி இன்றும் எங்கள் கொலுவில் முதல் படியில் உட்காருகிறது.

அந்த மரம் இப்போது எதற்குப் பேர் போனது என்று உங்களுக்குத் தெரியும். 1995 முதல் அது சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. கடத்தல் நிற்கவில்லை. 2015 ஏப்ரல் 7-ம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 20 பேர் செத்தார்கள். எல்லோரும் தமிழ்நாட்டுக் கூலிகள், திருவண்ணாமலை, தர்மபுரி பக்கத்து ஏழைகள். கடல் தாண்டி அந்த மரத்தில் நாற்காலி செய்து உட்காருகிறவருக்கு அவர்களில் ஒருவர் பெயரும் தெரியாது.

அது வேறு, தரைப்பலகை வேறு என்று நினைக்க வேண்டாம். திருட்டு மரத்தை இறக்குமதி செய்வதே குற்றம் என்று அமெரிக்கா 2008-ல் லேசி சட்டத்தைத் திருத்தியது. அந்தச் சட்டத்தின் கீழ், ரஷ்யாவின் தூரக் கிழக்கில், சைபீரியப் புலிகள் திரியும் காட்டில் சட்டவிரோதமாக வெட்டிய ஓக் மரம் சம்பந்தமான வழக்கில், லம்பர் லிக்விடேட்டர்ஸ் என்ற பெரிய தரைக் கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2016-ல் ஒரு கோடியே முப்பது லட்சம் டாலருக்கு மேல் கட்டியது. ஆக மலிவாகக் கிடைக்கும் பலகைக்குப் பின்னால் ஒரு காடும் ஒரு கூலியும் இருக்கலாம். எங்களுக்கு இது சுலபமான முடிவாக இருந்தது. ரெட் ஓக் இந்தக் கிழக்கு அமெரிக்காவிலேயே வளருகிற மரம். இருப்பதோடு ஒட்டும், எங்கே வெட்டியது என்றும் சொல்ல முடியும். கேட்டால் கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

இப்போது கடைசியில் சொல்கிறேன் என்று சொன்ன விஷயம்.

2011-ல் அம்மா வந்திருந்தார். அது மூன்றாவது முறை. எங்கள் மாடிப்படிக்கு ஒரு பக்கம்தான் கைப்பிடி, மறுபக்கம் வெறும் சுவர். இறங்கும்போது கைப்பிடி இடது கைக்கு வரும். அம்மாவுக்கு இடது தோளைத் தூக்க வராது. வந்த முதல் வாரமே கேட்டார்: "ஏம்ப்பா, இந்தப் பக்கமும் ஒரு பிடி வெச்சா இன்னா?" வெச்சிடலாம்மா, அடுத்த மாசம் என்றேன். ஆபீஸில் ஒரு ரிலீஸ் இருந்தது. எப்போதும் ஏதோ ஒரு ரிலீஸ் இருந்தது.

அந்த மாதக் கடைசியில் நாலாவது படியில் கார்ப்பெட் விளிம்பு தளர்ந்திருந்த இடத்தில் கால் சறுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிவு. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டார்கள். "புத்தூருக்குப் போயிருந்தா மூணு கட்டுல சரியாயிருக்கும், இவன் பச்சைத் துணியச் சுத்தி ஆறு வாரம்ன்றான்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு எலும்பு என்றால் புத்தூர்க் கட்டுதான், வேறு மருத்துவம் கிடையாது. அவர் சிரித்ததால் நாங்களும் சிரித்தோம். ஆனால் அதற்கப்புறம் அவர் தனியாக மாடி ஏறவில்லை. கீழே கம்ப்யூட்டர் அறையில் கட்டில் போட்டுக் கொடுத்தோம். மாடியில் பேரப்பிள்ளைகள் தூங்க, அவர் கீழே பிரின்டருக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டார். தங்கமணிக்கு அது இன்றும் ஆறவில்லை. "அத்தைக்கு ஒரு கட்டை வெக்க நமக்கு நேரம் இல்லாமப் போச்சு" என்பாள்.

அதன்பின் இன்னும் ஒரு முறை வந்தார். அப்போதும் கைப்பிடி வைக்கவில்லை. கீழேதான் படுக்கிறாரே, அவசரம் என்ன என்று நினைத்துவிட்டேன். 2019-ல் கார்வேட்டிநகரத்திலேயே போய்ச் சேர்ந்தார்.

இந்த வருஷம் போலந்துக்காரத் தச்சர் வேலையை முடித்த கடைசி நாளில், சுவர்ப் பக்கம் இன்னொரு கைப்பிடியும் வைத்துவிடட்டுமா என்று அவரே கேட்டார். வாங்குகிறவர்கள் வீட்டில் வயசானவர்கள் இருக்கலாம் என்றார். வைக்கச் சொன்னேன். நாற்பது நிமிட வேலை. செலவு 180 டாலர்.

நான் கீழ்ப்படியில் உட்கார்ந்துகொண்டேன். தாத்தா பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். கயிறு கட்ட அவருக்கு ஒரு பகல்தான் ஆனது. கம்ப்யூட்டர் படித்த எனக்குப் பதிமூன்று வருஷத்துக்கு மேல் ஆகியும், முன்பின் தெரியாத ஒருவன் வாங்கப் போகிறான் என்றபோதுதான் கை வந்தது.

அதனால் இதுதான் என் கருத்து, சண்டை போடுகிறவர்கள் போடலாம். விற்பதற்காக வீட்டைச் சரி செய்கிற இந்தப் பழக்கமே நம்மிடம் தலைகீழாக இருக்கிறது. பதினைந்து வருஷம் கறை படிந்த கார்ப்பெட்டில் வாழ்கிறோம், "ரீசேல் வேல்யூ" என்ற ஒரு மந்திரத்துக்காக ஆசைப்பட்ட நிறத்தை அடிக்காமல் இருக்கிறோம், பிறகு கடைசி இரண்டு மாதத்தில் எல்லாவற்றையும் பளபளவென்று ஆக்கி இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறோம். தங்கமணி கேட்ட மரப்படியில் அவள் ஆறே வாரம் நடந்தாள். அதிலும் பாதி நாள் வீடு பார்க்க வருகிறார்கள் என்று துடைத்துக்கொண்டே நடந்தாள்.

செய்யத்தான் போகிறீர்கள் என்றால் இப்போதே செய்யுங்கள், நீங்கள் அதில் நடக்க வருஷங்கள் இருக்கும்போதே. நல்ல மரத்தரை பல முறை தேய்த்துப் புதுப்பிக்கலாம், நீங்கள் வாழ்ந்ததால் அது தேய்ந்து மதிப்பிழந்துவிடாது. விற்கும்போது மறுபடி ஒரு தேய்ப்பு, ஒரு பூச்சு, அவ்வளவுதான். இப்போதே விற்கப் போகிற கட்டத்தில் இருந்தால் இருப்பதைத் தேயுங்கள், புதிது குறைவாகப் போடுங்கள், நிறத்துக்குச் செலவழிப்பதைவிடப் படியின் உயரத்துக்குச் செலவழியுங்கள்.

வீட்டு இன்ஸ்பெக்‌ஷன் அன்று வாங்குகிறவர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். கூட ஒரு பாட்டி, பருத்திப் புடவை, காலில் சாக்ஸ். மகன் தரையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். பாட்டி யாரையும் கேட்காமல் இரண்டு கையாலும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு மாடிக்கு ஏறிப் போய்விட்டார். மேலே ஜன்னலில் நின்று பின்பக்க மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. காருக்குப் போய்ச் சும்மா கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

கோடைக்கு ஊரிலிருந்து அம்மா அப்பா வருகிறார்கள் என்று நிறையப் பேர் சொல்கிறீர்கள். இந்த வாரக் கடைசியில் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு உங்கள் மாடிப்படியை அளந்து பாருங்கள். கார்ப்பெட் விளிம்பு ஆடுகிறதா என்று காலால் அழுத்திப் பாருங்கள். சுவர்ப் பக்கம் கைப்பிடி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் நாற்பது நிமிட வேலைதான். என்ன மரம், என்ன நிறம் என்பதெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.